டியூபின் முனை எங்கே இருக்கிறது?

மூக்கு வழியாக இரைப்பைக்கு டியூப் போட்டிருக்கும் நோயாளிக்குப் பால் ஊற்றும் முன், ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தொண்டையில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் ஒட்டியே இருக்கின்றன. வழி தவறிய டியூபில் ஊற்றும் பால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். இருமல் வரவில்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது. நினைவு மங்கியவர்களுக்கு இருமலே வராமல் போகலாம்.

சிரிஞ்சால் காற்றைத் தள்ளி, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் நம்பாதீர்கள். இரைப்பைக்கும் நுரையீரலின் அடிப்பகுதிக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் என்ற மெல்லிய தசைதான். நுரையீரலுக்குள் போன காற்றின் சத்தமும் வயிற்றில் கேட்கும்.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் அப்படி ஏமாற்றுவது குறைவு. டியூப் வழியாக உள்ளிருக்கும் நீரைச் சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, அமில அளவைக் காட்டும் பிஹெச் தாளில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறும். அமிலம் கூடக் கூட எண் குறையும். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் பொதுவாக இரைப்பை என்று கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ, சற்றுமுன் கொடுத்த பாலோ இந்த எண்ணை ஏற்றிவிடும். அப்போது ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்புறமும் சந்தேகம் என்றால் எக்ஸ்ரேதான். அதுவரை தண்ணீர்கூட வேண்டாம்.

டியூபின் மேல் சென்டிமீட்டர் எண்கள் இருக்கும். நேற்று மூக்கு ஓரத்தில் 56 இருந்தது, இன்று 50 என்றால் 6 செ.மீ. வெளியே வந்திருக்கிறது. நீங்களே உள்ளே தள்ளாதீர்கள், செவிலியரைக் கூப்பிடுங்கள். எண் சரியாக இருந்தாலும் வாயைத் திறந்து பாருங்கள். வாந்திக்குப் பிறகு டியூப் தொண்டையில் சுருண்டு கிடக்கலாம்.

முனை சரி என்றால், தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி மெதுவாகக் கொடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். முன்னும் பின்னும் பெரியவர்களுக்குச் சுமார் 30 மில்லி தண்ணீர் விட்டால் டியூப் அடைக்காது. மாத்திரைகளைத் தனித்தனியாகக் கரையுங்கள். மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது, ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

நடுவில் இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். வாயால் சாப்பிடவில்லை என்பதற்காக வாயைக் கழுவாமல் விடாதீர்கள். அங்கே பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கும்.