எந்த ஊருப்பா?

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால், பல நேரம் அவர் ஊரைக் கேட்பதில்லை, சாதியைக் கேட்கிறார். அதனாலேயே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நோயாளிகளிடம் இதைக் கேட்பதைத் தவிர்த்து வந்தேன். அதுதான் நாகரிகம் என்று நினைப்பு.

ஹவுஸ் சர்ஜனாக கேஷுவல்டியில் இருந்த காலம். சமவெளியில் ஒரு மருத்துவமனை. ராத்திரி ரெண்டு மணிக்கு, பஞ்சு ஒட்டிய சட்டையோடு ஒரு பையன் வந்தான். ஸ்பின்னிங் மில்லில் வேலை, இருபது வயதுக்குள் இருக்கும். தொடையிலும் இடுப்பிலும் வலி. “எலும்புக்குள்ள இருந்து யாரோ இடிக்கிற மாதிரி இருக்கு சார்.” காயம் இல்லை, வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. “இவன் ஊசிக்காகவே வர்றவன் டாக்டர்” என்றார் பக்கத்தில் இருந்தவர். நானும் நம்பினேன். ஒரு டைக்ளோபினாக் வலி ஊசி. கண் லேசாக மஞ்சளாக இருந்தது, காமாலையா என்று பார்க்கச் சொல்லி எழுதினேன். ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரி மாதிரிதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மூச்சுத் திணறலோடும் நெஞ்சு வலியோடும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வார்டுக்கு வந்த சீனியர், ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்வி.

“எந்த ஊருப்பா?”

“பந்தலூர் பக்கம் சார். கூடலூர்ல இருந்து போகணும்.”

“பணியரா?”

“ஆமா சார்.”

பணியர் என்பது நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆதிவாசிகளில் ஒரு சமூகம். ஒரு மணி நேரத்தில் லேப் டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். வட்ட வட்டமான சிவப்பணுக்களுக்கு நடுவே ஒல்லியாக, வளைந்து, முனை கூராக, நெல்லறுக்கும் கருக்கருவா மாதிரி சில. அரிவாள் அணுச் சோகை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிக்கிள் செல் என்றுதான் சொல்வோம்.

இது பரம்பரையாக வருவது. ஹீமோகுளோபினைச் செய்யும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிசகு. உடம்பில் ஆக்சிஜன் குறைந்தாலோ, நீர் வற்றினாலோ, குளிர் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, வட்டமான அணு விறைத்து வளைந்துகொள்ளும். சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும், இது இருபது நாளைத் தாண்டுவதே அரிது. அதனால்தான் சோகையும் கண்ணில் மஞ்சளும். வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது வருவதுதான் அந்த வலி. வெளியே ஒரு தடயமும் இருக்காது. நடிக்கிறான் என்று நாம் நினைக்க வசதியான வலி. நுரையீரலில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து, அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான்.

பிழைத்துக்கொண்டான். டிஸ்சார்ஜ் அன்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ பேச்சுக் கொடுத்தேன். அவன் கோபமே இல்லாமல் சொன்னான்: “எங்க ஆஸ்பத்திரின்னா வந்தவுடனே கேட்டிருப்பாங்க சார்.”

அந்த ‘எங்க’ என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது. அரசு மருத்துவமனையை நாம் ஜிஎச் என்போம், தனியார் மருத்துவமனையை டாக்டர் பேரால் சொல்வோம். ‘எங்க ஆஸ்பத்திரி’ என்று யார் சொல்கிறோம்? அவன் சொன்னது கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை.

அதன் கதையில் எனக்குப் பிடித்தது, ஆஸ்பத்திரி கடைசியில் வந்தது என்பதுதான். 1986-இல் ஸ்டான் தெக்கேக்கராவும் மாரி தெக்கேக்கராவும் கூடலூரில் ஆதிவாசிகளுக்காக ‘அக்கார்டு’ அமைப்பைத் தொடங்கியபோது முதல் பிரச்சினை நோய் இல்லை, நிலம். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், இருளர் என்று கூடலூர், பந்தலூர் வட்டங்களில் இருந்த ஆதிவாசிகள் சுமார் 20,000 பேர். தலைமுறை தலைமுறையாக இருந்த மண்ணில் பட்டா இல்லாமல், எஸ்டேட்டும் வனத்துறையும் இரண்டு பக்கமும் நெருக்க வாழ்ந்தவர்கள். அவர்களின் ஆதிவாசி முன்னேற்ற சங்கம் 1988 டிசம்பரில் கூடலூர் வீதியில் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனது. அதற்கு முந்தைய ஆண்டே நாராயணன் தேவதாசன், ரூபா தேவதாசன் என்ற டாக்டர் தம்பதி வந்துவிட்டார்கள். அவர்கள் கட்டடம் கட்டவில்லை. ஊருக்கு ஓரிருவரைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையை எடை போடுவது, கர்ப்பிணியைப் பார்ப்பது, தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது, சீத பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்குவது.

ஆபத்தான கர்ப்பிணியைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி அவளை எங்கே அனுப்புவது என்ற கேள்வி வந்த பிறகுதான் 1990-இல் மருத்துவமனை. அமெரிக்காவில் பணிபுரிந்து திரும்பிய அறுவை சிகிச்சை நிபுணர் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் வந்து சேர்ந்தார்கள். நடத்துவது ‘அஸ்வினி’ என்ற அமைப்பு. நர்சுகளாக அந்தந்த சமூகத்துப் பெண்களையே பழக்கினார்கள். இதைச் சேவை மனப்பான்மை என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அது வெறும் வைத்திய அறிவு. கட்டிலில் கிடக்கிறவளின் பாஷை தெரிந்த நர்சிடம்தான் அவள் எங்கே வலிக்கிறது என்று உண்மையைச் சொல்வாள்.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? 1992-லேயே சமூகக் காப்பீடு. இன்றைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பர்சில் வைத்திருக்கும் நமக்கு இது சாதாரணமாகத் தெரியும், அன்று இந்தியாவில் இப்படி ஒன்று அபூர்வம். சங்கத்தின் வழியாக வீட்டுக்கு வீடு தலைக்கு இவ்வளவு என்று சிறு தொகை. கையில் காசு இருக்கும் காலத்தில் வாங்குவார்கள், நோய் வரும்போது சேர்த்துக்கொள்வார்கள். ‘எனக்கு ஒண்ணும் வரலையே, காசு திரும்ப வருமா’ என்ற கேள்வி எங்கேயும் வரும். வராதவன் காசில்தான் வந்தவன் பிழைக்கிறான் என்பதைச் சொல்லிப் புரியவைக்க ஊர் ஊராக ஆள் வேண்டும். அந்த ஆள் ஏற்கெனவே இருந்தார், குழந்தையை எடை போட்ட அதே ஆள். இலவசமாகக் கொடுத்திருந்தால் ‘எங்க’ என்ற சொல் வந்திருக்காது என்பது என் கட்சி.

சிக்கிள் செல்லும் நீலகிரியும் பழைய உறவு. இந்தியாவில் இந்த மரபணு இருப்பதை முதலில் எழுதியதே 1952-இல், நீலகிரி மலைவாழ் மக்களின் ரத்தத்தைப் பார்த்த லேமன், கட்புஷ் என்ற இருவர்தான். ஆக, நான் கேஷுவல்டியில் கோட்டைவிட்டது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பாடப்புத்தகத்தில் ஆப்பிரிக்காவோடு சேர்த்துப் படித்து, பரீட்சையோடு மறந்தது. அஸ்வினி இந்த நோயாளிகளைத் தேடிப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து பார்த்துக்கொள்கிறது.

தேடுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு சின்னக் கண்ணாடி ட்யூபில் கரைசல், அதில் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், ஐந்து நிமிடம். பிறகு கறுப்புக் கோடு போட்ட காகிதத்துக்கு முன்னால் ட்யூபைப் பிடித்துப் பார்ப்போம். கோடு தெளிவாகத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. ரத்தம் கலங்கிக் கோடு மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. நோயா, வெறும் சுமப்பவரா என்று இந்தச் சோதனை சொல்லாது, அதற்கு எலக்ட்ரோபோரசிஸ் அல்லது எச்பிஎல்சி என்ற பெரிய லேப் சோதனை வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு ட்யூப் சோதனையை நம்பக் கூடாது.

சுமப்பவர் என்பதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரு மரபணு மட்டும் உள்ளவர் நோயாளி இல்லை, கல்லுடைக்கலாம், கபடி ஆடலாம். சுமப்பவர் இருவர் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர. 2023 ஜூலை 1-இல் தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புக்கான தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதித்து ஆளுக்கொரு அட்டை கொடுப்பதாகத் திட்டம். அட்டை நல்லதுதான். ஆனால் பெண் பார்க்க வரும் வீட்டார் கையில் அது ஜாதகமாகிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு உண்டு. எடுத்துச் சொல்ல ஊர்க்காரர் ஒருவர் இல்லாமல் அட்டையை மட்டும் நீட்டினால், அடி விழுவது பெண்பிள்ளைகள் மேல்தான்.

நோய் உள்ள வீடுகளுக்கு: தண்ணீர் நிறையக் குடிக்கக் கொடுங்கள். மழையில் நனைந்த துணியோடு விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தையின் கையும் காலும் வலியோடு வீங்கினால் எறும்பு கடித்தது என்று விட்டுவிடாதீர்கள். திடீரென்று வெளிறிப்போய் இடது விலாவுக்குக் கீழே வயிறு வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை கேட்காமல் போடாதீர்கள், நான் செய்த தப்பு அது. ஃபோலிக் அமிலமும், அடிக்கடி வலி வருகிறவர்களுக்கு ஹைட்ராக்சியூரியாவும் டாக்டர் மேற்பார்வையில் நன்றாகவே வேலை செய்கின்றன.

இப்போது நான் இருக்கும் கொங்குப் பக்கத்து மில்களில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர். சிக்கிள் செல் அதிகம் உள்ள பகுதிகள் அங்கேயும் உண்டு, ஆதிவாசிகளுக்கு மட்டும் என்றும் இல்லை. போன மழையில் ஒரு பெண் வந்தாள், தொடை வலி, கண்ணில் லேசான மஞ்சள். கூட வந்த சூப்பர்வைசர், “லீவுக்காக நடிக்குதுங்க டாக்டர்” என்றார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் ஊர் கேட்டேன்.

“கலாஹாண்டி, ஒடிசா.”

லேப்புக்கு நானே கூட்டிப்போனேன். ஐந்து நிமிடம் கழித்து டெக்னீஷியன் ட்யூபைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்தார். கோடு தெரியவில்லை.