ஒரே ஆண்டில் ஒரு லட்சம் லிண்டாக்கள்

1947இல் அமெரிக்காவில் பிறந்த பெண் குழந்தைகளில் பதினெட்டுக்கு ஒருத்தி லிண்டா. எண்ணிக்கையில் சொன்னால் ஏறத்தாழ 99,700 பேர். அதற்கு முந்தைய ஆண்டில் இந்தப் பெயர் பெற்றவர்கள் 52,700 பேர்தான். போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியிருந்த காலம் அது; பிரசவ வார்டுகள் நிரம்பி வழிந்தன. ஆனாலும் மொத்தப் பிறப்புகள் அந்த ஓராண்டில் சுமார் 12 விழுக்காடுதான் கூடின. லிண்டாக்கள் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானார்கள்.

1880 முதல் 1946 வரை, அறுபத்தேழு ஆண்டுகள், மேரிதான் அந்த நாட்டில் முதலிடத்தில் இருந்த பெண் பெயர். ஒரு முறைகூட இறங்கியதில்லை. அந்த மேரியை இறக்கியது லிண்டா. ஒரு பெயர் எப்படிப் பரவுகிறது, எப்படி மங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இவ்வளவு துல்லியமான எண்கள் நமக்குக் கிடைப்பதே ஒரு நல்வாய்ப்பு. அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓய்வூதியக் கணக்குக்காக விண்ணப்பித்த ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த ஆண்டும் பதிவாயின. முன்பே பிறந்து பெரியவர்களாகிவிட்டவர்களும் விண்ணப்பித்ததால் பட்டியல் 1880 வரை பின்னோக்கிப் போகிறது. பல பத்தாண்டுகள் இது வெறும் அலுவலகக் கோப்பாகவே கிடந்தது. 1997இல் அந்தத் துறையில் காப்பீட்டுக் கணக்கராக இருந்த மைக்கேல் ஷேக்கல்ஃபோர்டுக்குக் குழந்தை பிறக்கவிருந்தது. தன் தலைமுறையில் தடுக்கி விழுந்தால் ஒரு மைக்கேல் என்பதால், பிள்ளைக்காவது அப்படி ஒரு பெயர் அமையக்கூடாது என்று நினைத்தார். கோப்புகளை எண்ணிப் பட்டியலாக்கினார். இன்று பெயர்களை ஆராய்பவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலின் மேல்தான் நிற்கிறார்கள்.

சரி, லிண்டா என்றால் என்ன?

பழைய ஜெர்மானியப் பெயர்களில் இது தனிப்பெயர் இல்லை, ஒரு பின்னொட்டு. ரோசலிண்டா, சீக்லிண்டே போல. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியில் லோம்பார்டுகளின் அரசியாக இருந்தவள் பெயர் தியோதெலிண்டா. அந்த 'லிண்ட்' என்பதற்கு மென்மை என்று ஒரு பொருள் சொல்வார்கள். லிண்டன் மரம் என்று இன்னொரு பொருள். லேசான, எளிதில் பிளக்காத அந்த மரத்தில் கேடயம் செய்தார்கள். பழைய ஆங்கிலத்தில் 'லிண்ட்' என்றாலே கேடயத்தையும் குறிக்கும். உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயசின் குடும்பப் பெயர்கூட இந்த மரத்திலிருந்துதான் வந்தது. குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து அவருடைய தந்தை சூட்டிக்கொண்ட பெயர் அது.

ஸ்பானிய மொழியில் 'லிண்டா' என்றால் அழகானவள். அது வேறு வேர். முறையானது, சட்டப்படியானது என்று பொருள்படும் 'லெஜிட்டிமுஸ்' என்ற லத்தீன் சொல் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது.

எஸ்தோனியாவுக்குப் போனால் கதையே மாறுகிறது. அங்கே 'லிண்ட்' என்றால் பறவை. அவர்களுடைய தேசிய காவியமான கலேவிபோயெக்கில் நாயகனின் தாய் பெயர் லிண்டா. அவள் முட்டையிலிருந்து பிறந்தவள். கணவன் கலேவ் இறந்தபின் அவள் அழுத கண்ணீர்தான் தாலின் நகருக்கு அருகே உள்ள யூலெமிஸ்தே ஏரியாயிற்று என்பது கதை. நகரின் தூம்பெயா குன்று கலேவின் கல்லறையாம். அந்தக் குன்றின் சரிவில் லிண்டாவின் சிலை குனிந்த தலையோடு இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

மரம், கேடயம், அழகி, பறவை. ஒரே ஓசைக்கு இத்தனை பொருள். ஆனால் 1947இல் அமெரிக்கப் பெற்றோர் மேல் விழுந்த மயக்கத்துக்கு இவற்றில் எதுவும் காரணம் இல்லை. காரணம் ஒரு பாட்டு.

ஜாக் லாரன்ஸ் என்ற பாடலாசிரியரிடம் அவருடைய வழக்கறிஞர் லீ ஈஸ்ட்மன், என் மகள் பெயரில் ஒரு பாட்டு எழுதுங்களேன் என்று கேட்டார். மகள் லிண்டா அப்போது கைக்குழந்தை. (பின்னாளில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியை மணந்த அதே லிண்டாதான்.) போர்க்காலத்தில் எழுதப்பட்ட அந்தப் பாட்டை பட்டி கிளார்க் பாட, 1947இல் அது வானொலியெங்கும் ஒலித்தது. அந்த ஆண்டின் பெரிய வெற்றிப் பாடல்களில் அது ஒன்று.

ஆனால் பாட்டு வந்தது, பெயர் வந்தது என்று இங்கேயே முடித்துவிட்டால் பாதிக் கதைதான். 1930இல் முதல் நூறு பெயர்களில்கூட லிண்டா கிடையாது. 1945இல், அதாவது பாட்டை யாரும் கேட்பதற்கு முன்பே, இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. இடையில் லிண்டா டார்னல் என்ற நடிகை திரையில் புகழ்பெற்றிருந்தார். அதுகூட இவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை, சினிமாவுக்காகச் சூட்டிய பெயர். ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்த அலையின் மேல் பாட்டு ஏறிக்கொண்டது. யாரும் வைக்காத ஒரு பெயரை எவ்வளவு பெரிய பாட்டாலும் முதலிடத்துக்குக் கொண்டுபோக முடியும் என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் அந்த முதல் அலை எங்கிருந்து வருகிறது? 2003இல் மேத்யூ ஹான், அலெக்சாண்டர் பென்ட்லி என்ற இரு ஆய்வாளர்கள் மரபியலிலிருந்து ஒரு கருத்தை எடுத்து இதில் பொருத்திப் பார்த்தார்கள். ஓர் உயிரினக் கூட்டத்தில், நன்மையோ தீமையோ செய்யாத ஒரு மரபணு தற்செயலாகவே பெருகும் அல்லது மறையும். பெயர்களும் அப்படித்தானோ? ஒவ்வொரு பெற்றோரும் சுற்றியிருக்கும் பெயர்களில் ஒன்றைக் கண்ணைமூடி எடுத்து வைக்கிறார்கள், எப்போதாவது ஒருவர் புதிதாக ஒன்றை உருவாக்குகிறார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்கள் ஏராளமானவர்களுக்கு, ஏராளமான பெயர்கள் சில பேருக்கு என்ற பரவல் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் உண்மையான பட்டியலும் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. நாம் மணிக்கணக்கில் யோசித்து, தாத்தா பாட்டியோடு வாதாடி வைக்கும் பெயர்கள், கோடிக்கணக்கில் கூட்டிப் பார்க்கும்போது தற்செயல் போலவே தோன்றுகின்றன. இதை முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஆனால் பெற்றோர் முழுப்பெயரை மட்டும் நகலெடுப்பதில்லை. அதன் ஓசையையும் எடுக்கிறார்கள். லிண்டாவைச் சுற்றியே பிரெண்டா, கிளெண்டா, ரோண்டா, மெலிண்டா என்று ஒரு கூட்டம் வளர்ந்தது. நம்மூரில் கமலா, விமலா, நிர்மலா என்று ஒரே வீட்டில் அக்காதங்கைகள் இருந்ததை நினைத்துப் பாருங்கள். பொருளா அவர்களைச் சேர்த்தது? ஜோனா பெர்கரும் உடன் ஆய்வாளர்களும் இதைப் புயல்களை வைத்துச் சோதித்தார்கள். புயல்களுக்கான பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே முடிவாகிவிடும். எந்தப் புயல் பேரழிவாகும் என்பதோ யாருக்கும் தெரியாது. அதனால் இயற்கையே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துத் தந்தது போல ஆகிவிடுகிறது. 2005இல் கத்ரீனா அடித்து ஓய்ந்தபின், 'க' ஓசையில் தொடங்கும் பெயர்கள் சுமார் 9 விழுக்காடு கூடின. அழிவின் பெயரை யாரும் விரும்பி வைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட ஓசை, காதுக்குப் பழகிப்போய் இனித்திருக்கிறது.

அப்புறம் வீழ்ச்சி. லிண்டா 1952 வரை முதலிடத்தில் இருந்தது, ஆறே ஆண்டுகள். 1953இல் மேரி திரும்பி வந்தது. 1960களின் பிற்பாதியில் லிண்டா முதல் பத்தில் இல்லை. இன்று முதல் 500இலும் இல்லை. பெர்கரும் காயெல் லெ மான்சும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பிரான்சிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுப் பெயர்களை எடுத்துப் பார்த்தது. வேகமாக ஏறிய பெயர் வேகமாகவே கைவிடப்படுகிறது. குழந்தையை எதிர்பார்த்திருந்த பெற்றோரிடமும் கேட்டார்கள். திடீரென்று ஏறும் பெயர் சீக்கிரம் பழசாகிவிடும் என்ற எண்ணமே அவர்களைத் தயங்க வைத்தது. அந்தத் தயக்கமே பெயரைப் பழசாக்கியும் விடுகிறது.

மறுபடியும் இப்படி ஓர் அலை எழுமா? அமெரிக்காவில் வாய்ப்புக் குறைவு. 1880இல் பதினான்கு பெண் குழந்தைகளில் ஒருத்தி மேரி. இன்று முதலிடத்தில் இருக்கும் பெயரைக்கூட நூற்றில் ஒருத்திக்குத்தான் வைக்கிறார்கள்.

ஆனால் லிண்டா என்ற பெயரே திரும்பி வரலாம். எம்மாவைப் பாருங்கள். 1880இல் மூன்றாம் இடம். 1970களில் 400க்கும் கீழே போய், பாட்டிகளின் பெயராகிக் கிடந்தது. 2008இல் முதலிடம். அம்மாவின் தோழிகள் பெயர் பழசாகத் தோன்றும். நேரில் பார்த்தே இராத கொள்ளுப்பாட்டியின் பெயர் புதிதாகத் தோன்றும். 1947இன் லிண்டாக்களுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. அவர்கள் வீடுகளில் கொள்ளுப்பேத்திகள் பிறக்கத் தொடங்கிவிட்டார்கள்.