தரைக்குப் பால் ஊற்றிய வீடு

"இங்கிலாந்தில் புளித்த பால் ஊற்றித் தரை போட்ட வீடு இருக்கிறதாமே, வீச்சம் அடிக்காதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. கிழக்கு சசெக்ஸில் கக்மியர் ஆற்றங்கரையில் ஆல்ஃபிரிஸ்டன் என்றொரு கிராமம். அங்கே தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய பாதிரியார் வீடு அது. வயது அறுநூறைத் தாண்டும். ஓக் மரச் சட்டம், இடைவெளியில் குச்சிப் பின்னலும் மண் பூச்சும், வேய்ந்த கூரை, நடுவில் கூரைவரை திறந்த கூடம். இடிந்துவிழும் நிலையில் இருந்ததை 1896இல், பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான்.

சரி, தரைக்கு வருவோம். அந்த வட்டாரத்து மலையே சாக் பாறை. (இப்போதைய சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், இது அசல்.) டைனோசர் காலத்துக் கடல்பாசிகளின் நுண்ணிய ஓடுகள் படிந்து உருவான கால்சியம் கார்பனேட். அதை உடைத்து, ஈரமாகக் கொட்டி, திமிசு போட்டு இடித்தால் தரை. ஆனால் வெறும் சாக் நடக்க நடக்கப் பொடி உதிரும். அதற்குத்தான் பால்.

பாலிலுள்ள கேசீன் புரதம் குட்டிக் குட்டி உருண்டைகளாக மிதக்கிறது. எல்லாவற்றுக்கும் எதிர்மின்னேற்றம், அதனால் ஒன்றையொன்று தள்ளிவிட்டு விலகியே நிற்கும். பால் புளித்து பி.எச். (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) 4.6 வாக்கில் இறங்கியதும் அந்த மின்னேற்றம் செத்துவிடும். உருண்டைகள் கட்டிப் பிடித்துத் திரியும். இதைச் சாக்கின் மேல் ஊற்றினால்தான் வேடிக்கை. பாலைப் புளிக்கவைத்த லாக்டிக் அமிலம் சாக்கைக் கொஞ்சம் கரைக்கும், கார்பன் டையாக்சைடு குமிழி விடும், கால்சியம் அயனிகள் வெளியே வரும். ஒரு கால்சியத்துக்கு இரண்டு கை; ஆளுக்கொரு கேசீனைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காய்ந்ததும் துகள்களுக்கிடையே மிஞ்சுவது பசை.

முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட்தான். அதை மாவாக இடித்து, புளித்த பாலில் குழைத்து ஒரு டப்பா மூடியில் நானே வைத்துப் பார்த்தேன். பொடிப்பொடியாகக் குமிழி. இரண்டு நாளில் நகத்தால் கீறினால் பிஸ்கட் மாதிரி கறகறத்தது. இதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பணம் எளிதில் கிடைக்காது. பெயரில் 'நானோ' இருந்தால் ஒருவேளை கிடைக்கலாம்.

அப்புறம் அந்த வீச்சம்: புளிப்பைச் சாக்கே தின்றுவிடுகிறது. என் மூடியில் முதல் நாள் மட்டும்தான் வாடை இருந்தது, வீட்டில் அதற்கே திட்டு விழுந்தது.