முனுசாமி யார் மகன்? வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு சிவில் வக்கீல் எழுதுவது

"சார், வெள்ளைக்காரன் காலத்து சென்சஸ்ல எங்க கொள்ளுத் தாத்தா பேரை எடுத்துத் தர முடியுமா?"

அடிக்கடி யாராவது இந்தக் கேள்வியோடு என் அலுவலகத்துக்கு வருகிறார்கள். வந்தவாசி, செய்யாறு பக்கத்து நிலங்களுக்கு வில்லங்கம் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதுவதும், பாகப்பிரிவினை வழக்கு நடத்துவதும் என் தொழில். இரண்டுக்கும் வம்சாவளி வேண்டும். யாருக்கு யார் மகன், யாருக்கு யார் மனைவி என்று தெரியாமல் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூடக் கருத்துச் சொல்ல முடியாது. அதனால் வழக்கே இல்லாமல் பூர்வீகம் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களும் என்னிடம் வந்துவிடுகிறார்கள். எனக்கும் அது பிடித்த வேலை. ஆனால் பலரும் தப்பான இடத்தில் தேடத் தொடங்கிப் பணத்தையும் காலத்தையும் இழந்த பிறகு வருகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சென்சஸில் இருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்தில் 1921-இல் எடுத்த கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் நூறாண்டு கழித்து 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் 72 ஆண்டு காத்திருந்தால் போதும். 1950-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. அயர்லாந்தின் 1901, 1911 படிவங்களை இணையத்தில் காசில்லாமலே பார்க்கலாம். அங்கே இருக்கிற நம் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. சென்னை மாகாணத்தில் 1871-லும், நாடு முழுக்க ஒரே நேரத்தில் 1881-லும் தலை எண்ணினார்கள். அதன் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை 2011 வரை நடந்தது. நம் கைக்குக் கிடைப்பது கூட்டுத்தொகைகளும் அறிக்கைகளும் மட்டுமே. வீட்டுக்கு வீடு பெயர் எழுதிய படிவத்தைப் பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லை என்று 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. சிவில் வழக்கில் அதைச் சாட்சியமாகவும் போட முடியாது. மக்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்லட்டும் என்பதற்காக வைத்த காப்பு அது, எனக்கு அதில் குறையில்லை. ஆகவே "பழைய சென்சஸ்ல உங்க தாத்தா பேரை எடுத்துத் தர்றேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சென்சஸ் உதவுகிற இடம் ஒன்று உண்டு. 1951-லிருந்து மாவட்ட வாரியாக வந்த கணக்கெடுப்புக் கையேடுகளில் தாலுகா தாலுகாவாக ஒவ்வொரு வருவாய்க் கிராமத்தின் பெயரும் இருக்கிறது. ஊரைக் கண்டுபிடிக்க அது பெரிய துணை. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது குடும்பப் பெயர். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து, சில பக்கங்களில் அதற்கும் முன்னால் ஊரின் முதலெழுத்து, அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் பிள்ளை, முதலியார், நாயுடு, கவுண்டர் என்று ஒட்டியிருப்பவை பட்டங்கள். ஒரே பட்டத்தை வெவ்வேறு சமூகங்கள் போட்டுக்கொண்டன. ஒரே சமூகம் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு பட்டம் போட்டது. பட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வேறு யாருடைய வீட்டு வாசலிலோ போய் நிற்பீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. அவர் குடும்பப் பெயர் கவண்டர். நம் 'கவுண்டர்' அங்கே எழுத்து மாறி அப்படி நிலைத்துவிட்டது. கவுண்டர் என்றால் கோயம்புத்தூர், ஈரோடு என்று யாரோ சொல்ல, இரண்டு முறை விமானம் ஏறி வந்து கொங்கு நாட்டில் கோயில் கோயிலாக விசாரித்திருக்கிறார். "உங்க கூட்டம் எது, அந்துவனா, காடையா, ஓதாளனா?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். கொங்குக் கவுண்டர்களின் குலப் பிரிவுகள் அவை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னிடம் வந்தபோது கையில் கப்பல் பட்டியலின் நகல் வைத்திருந்தார். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது தொடங்கி 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று பட்டியலில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவின் கொள்ளுத் தாத்தா வரியில் ஜில்லா 'நார்த் ஆர்காட்', தாலுகா 'வாண்டிவாஷ்' என்று இருந்தது. வட ஆற்காடு, வந்தவாசி. கோயம்புத்தூருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பக்கம் வன்னியர்களும் கவுண்டர் என்று பட்டம் போடுவார்கள். கையிலிருந்த காகிதமே ஊரைச் சொல்லிக்கொண்டிருக்க, பட்டத்தை நம்பி இத்தனை வருஷம் அலைந்திருக்கிறார்.

கிராமத்தின் பெயர்தான் சிக்கல். எழுதியிருந்தபடி வாசித்தால் அப்படி ஓர் ஊரே இல்லை. கூலி ஆள் வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள். கணக்கெடுப்புக் கையேட்டில் வந்தவாசித் தாலுகா கிராமங்களை வரிசையாக நானும் என் குமாஸ்தாவும் சத்தம் போட்டுப் படித்தோம். முன்னால் இருந்த 'கில்' என்பது 'கீழ்' என்று பிடிபட்டதும் மூன்று ஊர்கள் மிஞ்சின. தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பழைய பட்டியலில் உள்ள ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பட்டியலில் எழுதியிருப்பது குக்கிராமமாக இருந்தால் வருவாய்க் கிராமப் பட்டியலில் அது வராது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த மூன்று ஊரிலும் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கேயே இருக்கிற குடும்பங்களுக்கு நிலக் காகிதம்தான் வழி. இன்றைய பட்டாவில் தொடங்குங்கள். அதற்குப் பின்னால் 1980-களில் நடந்த யூடிஆர் என்கிற நிலப் பதிவேடு புதுப்பிப்பு, அதற்கும் பின்னால் எஸ்எல்ஆர் என்கிற பழைய செட்டில்மென்ட் (நிலத் தீர்வை நிர்ணய) பதிவேடு, மானிய நிலமாக இருந்தால் இனாம் பதிவேடு. சர்வே எண் இடையில் மாறியிருக்கும், பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கலெக்டர் அலுவலக ஆவண அறையிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் மனுப் போட்டு நகல் வாங்கலாம். ஜமீன் கிராமமாக இருந்தால், 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு நடந்த செட்டில்மென்ட்டுக்கு முன்னால் சர்க்கார் பதிவில் உங்கள் ஆள் பெயர் கிடைப்பது கடினம். கர்ணம் (கணக்குப்பிள்ளை), மணியம் பதவிகள் 1980-இல் ஒழிந்தபோது சில ஊர்களில் பழைய கணக்குகள் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. அந்த வீட்டுக்காரர்களை மரியாதையாகப் போய்க் கேட்டால் காட்டுவார்கள், எனக்குப் பல முறை காட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கையானது சார்பதிவாளர் அலுவலகம். சொத்துப் பத்திரங்கள் பதியும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயில் பதியும் மூன்றாம் புத்தகம் அப்படி எல்லோருக்கும் திறந்தது இல்லை. அட்டவணையில் ஒன்று சொத்து வாரியாகவும் ஒன்று ஆள் பெயர் வாரியாகவும் இருக்கும். பெயர் அட்டவணையைத் தேடச் சொல்லிக் கேட்க பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் ஊர் அந்தக் காலத்தில் வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம், அதையும் விசாரியுங்கள்.

பழைய பத்திரத்தின் முதல் பத்தியே ஒரு சின்ன வம்சாவளி. இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார், மைனருக்குத் தாயும் கார்டியனுமான இன்னார், இன்னார் பாரி இன்னாள் என்று போகும். 'பாரி' என்றால் மனைவி. 'பிதுரார்ஜிதம்' என்றிருந்தால் தகப்பன் வழி வந்த சொத்து, அதாவது இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போக இடமிருக்கிறது என்று பொருள். வருவாய்க் கணக்கில் பசலி என்று ஆண்டு போட்டிருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.

இனி முனுசாமிக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் இரண்டு பத்திரங்கள். 1931-இல் ஒன்று, 1964-இல் ஒன்று. இரண்டிலும் எழுதிக்கொடுத்தவர் "கோவிந்தன் மகன் முனுசாமி". ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்து சர்வே எண்கள். ஒரே ஆள் என்று நினைத்து நானும் பிளெய்ண்ட் (வழக்கு மனு) தயார் செய்துவிட்டேன். தாக்கல் செய்ய வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு மறுபடி படித்தபோது, 1931-இல் கைநாட்டு வைத்தவர் 1964-இல் கையெழுத்துப் போட்டிருப்பது உறுத்தியது. முதல் பத்திரத்தில் கூடச் சேர்ந்து எழுதிக்கொடுத்தவள் "மேற்படியார் பாரி அலமேலு". இரண்டாவதில் மனைவி பெயர் சரோஜா. மறுநாள் ஊருக்குப் போய் விசாரித்தேன். தாத்தா முனுசாமி, அவர் மகன் கோவிந்தன், அந்தக் கோவிந்தன் மகன் இன்னொரு முனுசாமி. தாத்தாவின் தகப்பனாரும் கோவிந்தன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், 'பேரன்' என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். அந்த வழக்கத்தால் இரண்டு தலைமுறை இடைவெளியில் ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர். ஒருவராக எண்ணியிருந்தால் இரண்டு தலைமுறையே காணாமல் போயிருக்கும், யாருக்கு என்ன பங்கு என்பதும் தலைகீழாகியிருக்கும். காப்பாற்றியது அலமேலுவின் பெயர்.

அன்றிலிருந்து வம்சாவளி எழுத வருகிறவர்களிடம் முதலில் மனைவிமார் பெயரைத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆண்களை நாலு தலைமுறை சொல்கிறவர்கள் பாட்டியிடம் வந்ததும் "ஆயான்னுதான் கூப்பிடுவோம்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். ஆயா பிறந்த ஊர் தெரியாது, அவள் தகப்பன் பெயர் தெரியாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அந்தப் பெயர்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பரணில் கிடக்கும் அண்டா, தவலை, குத்துவிளக்கைத் திருப்பிப் பாருங்கள். சீராக வந்த பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள், சிலதில் ஊரும் வருஷமும்கூட இருக்கும். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு வாங்கும் முன் அந்த எழுத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டை எடுங்கள். எந்த ஊர், யார் மகன், எவ்வளவு என்று எழுதிய அந்த நோட்டில் உங்கள் பெண் வழி உறவு முழுக்க இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எதையும் கிழித்துப் போடாதீர்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கலாம், அதில் தாய் பெயரும் இருக்கும். குலதெய்வம் வேறு மாவட்டத்தில் இருந்தால் உங்கள் முன்னோர் அங்கிருந்து கிளம்பியவர்களாக இருக்கலாம். உள்ளூரிலேயே இருந்தால், "இது பிடிமண் எடுத்து வந்து கட்டின கோயிலா?" என்று பூசாரியைக் கேளுங்கள். ஆம் என்றால் மண் எடுத்த ஊர் எது என்பதுதான் அடுத்த கேள்வி.

பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் வராது. "எங்க ஆயாவோட அம்மா தாது வருஷப் பஞ்சத்துல கைக்குழந்தை" என்று ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார். தாது வருஷம் 1876. இதைவிடச் சரியான பிறந்த தேதி எந்தப் பதிவேட்டில் கிடைக்கும்? தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும், ஆகவே 1936-ஆ 1876-ஆ என்பதைப் பஞ்சத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி, தேதி போட்டு, அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள். இதில் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. இறந்துபோன ஒருவர் உறவுமுறை பற்றிச் சொன்னதை நீதிமன்றம் ஏற்கும், ஆனால் தகராறு வருவதற்கு முன்னால் சொன்னதாக இருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு எழுதிய வம்சாவளிக்கு அந்த மதிப்பில்லை. அந்த நோட்டையும் பட்டா எண்ணையும் ஆதாரையும் சேர்த்து வாட்ஸ்ஆப் குழுவில் போட வேண்டாம். போலி வாரிசு ஜோடிக்கிறவர்களுக்கு அது போதும்.

டர்பன் அம்மா என்ன ஆனார் என்று சொல்ல வேண்டும். மூன்று ஊரிலும் செட்டில்மென்ட் பதிவேட்டைப் பார்த்தோம். அவர் கொள்ளுத் தாத்தாவின் தகப்பன் பெயரில் பட்டாதாரர் யாரும் இல்லை. நிலமில்லாதவர் பெயர் நிலப் பதிவேட்டில் ஏறாது, கப்பல் ஏறியவர்களில் பலரும் நிலமில்லாதவர்கள். மூன்றில் ஓர் ஊரில் மட்டும், அதே இரண்டு பெயர்களையும் தலைமுறை மாற்றி மாற்றி வைத்துவரும் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள்தான் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை, கொடுக்கவும் இல்லை. ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு மத்தியானம் முழுக்க இருந்துவிட்டு வந்தோம்.

கிளம்பும்போது அவர் கப்பல் பட்டியலை மறுபடி எடுத்து, "இதில் அவருடைய அம்மா பெயர் எங்கே?" என்று கேட்டார். நானும் பார்த்தேன். தகப்பன் பெயருக்குக் கட்டம் இருக்கிறது. தாய் பெயருக்குக் கட்டமே போடவில்லை.