"எல்லாம் அவர் பேர்லதான் மேடம் இருக்கு": கலிஃபோர்னியாவில் விவாகரத்தும் சொத்தும்

கலிஃபோர்னியாவில் விவாகரத்து வழக்கு நடத்தும் வக்கீல் நான். என் அலுவலகத்துக்கு முதல் தடவை வரும் பெண்கள் பலர், உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள். "வீடு, பேங்க், ஷேர் எல்லாம் அவர் பேர்லதான் மேடம் இருக்கு. எனக்கு ஒண்ணும் வராதுல்ல?" ஆண்கள் வந்தால் அதே கவலை தலைகீழாக வரும். "எல்லாம் என் பேர்லதான் மேடம் இருக்கு. அப்புறம் எதுக்குப் பாதி குடுக்கணும்?"

இரண்டு கேள்வியும் ஊரிலிருந்து நம்மோடு விமானம் ஏறி வந்தவை. அங்கே சொத்து என்றால் பத்திரம். பத்திரத்தில் யார் பேர், பட்டாவில் யார் பேர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தியாவில் கோவா, டாமன், டையு தவிர வேறெங்கும், விவாகரத்து ஆகும்போது தம்பதியின் சொத்தைப் பாதியாகப் பிரிக்கும் சட்டம் கிடையாது. ஜீவனாம்சம் உண்டு, அவ்வளவுதான். கலிஃபோர்னியா நீதிமன்றம் பத்திரத்தில் இருக்கும் பேரோடு நிற்காது. அந்தப் பணம் எந்தத் தேதியில் வந்தது, யாருடைய உழைப்பில் வந்தது, அல்லது யார் கொடுத்தது என்று தோண்டும். கல்யாணத்துக்கும் பிரிவுக்கும் நடுவில் இருவரில் யார் சம்பாதித்தாலும் அது கூட்டுச் சொத்து, இங்கே எல்லோரும் சொல்கிற கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி. அது ஆளுக்குப் பாதி. கல்யாணத்துக்கு முன்பே இருந்தது, தனக்கென்று அன்பளிப்பாக வந்தது, பெற்றோர் வழியில் வாரிசாக வந்தது, பிரிந்த பிறகு சம்பாதித்தது எல்லாம் தனிச் சொத்து. வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்தவருக்கும் அதே பாதிதான். "நான் சம்பாதிக்கலையே" என்று தயங்க வேண்டியதில்லை.

இது அமெரிக்கா முழுமைக்குமான விதி என்று நினைத்துவிடாதீர்கள். 1848 வரை இந்த மண் மெக்சிகோவிடம் இருந்தது. கூட்டுச் சொத்து என்பது அங்கே நடப்பிலிருந்த ஸ்பானிய வழக்கம், அதை 1849 மாநில அரசியல் சாசனத்தில் தக்கவைத்துக்கொண்டார்கள். இப்போது கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி மாநிலங்கள் ஒன்பது. டெக்சாஸும் அதில் ஒன்று, ஆனால் அங்கே சரிபாதி என்று கட்டாயமில்லை. நியாயமானது எது என்று நீதிபதி முடிவு செய்வார். நியூஜெர்சி அந்தப் பட்டியலிலேயே இல்லை. எடிசனில் இருக்கும் உங்கள் மச்சினர் சொன்ன கணக்கு சன்னிவேலில் செல்லாது.

வரும்போது போனில் நூறு ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறவர்களும் உண்டு. மாமியார் திட்டியது, கணவர் இன்னொருத்தியோடு பேசியது எல்லாம் அதில் இருக்கும். அந்த வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1970 ஜனவரி 1 முதல் இந்த மாநிலத்தில் விவாகரத்துக்குக் குற்றம் நிரூபிக்கத் தேவையில்லை. ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் சொன்னாலே போதும். யார் தப்பு செய்தார் என்பதற்காகச் சொத்தில் ஒரு டாலர்கூட நகராது. அந்த இன்னொருத்திக்குக் கூட்டுப் பணத்தில் நகை வாங்கிக் கொடுத்திருந்தால் கதை வேறு, அதைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டு வன்முறையும் வேறு விஷயம். அது குழந்தைப் பொறுப்பையும் ஜீவனாம்சத்தையும் நேரடியாகப் பாதிக்கும்.

வழக்கில் எனக்கு முதலில் தேவைப்படுவது ஒரு தேதி. பிரிந்த தேதி. மனு போட்ட நாளும், தனி வீடு பார்த்த நாளும் அதுவாகவே இருக்க வேண்டும் என்றில்லை. 2017 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, "இந்தக் கல்யாணம் முடிந்தது" என்று துணையிடம் தெரிவித்திருக்க வேண்டும், நடவடிக்கையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் தனித்தனி அறையில் இருந்தும் பிரிந்திருக்கலாம். அதே சமயம், பிரிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு மறு மாதம் ஜோடியாக ஹவாய் போய்வந்த படம் ஃபேஸ்புக்கில் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார். மனதில் முடிவெடுத்துவிட்டால் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சிலிக்கான் பள்ளத்தாக்கில் அந்தத் தேதிக்கு என்ன விலை என்பது ஆர்எஸ்யூவில், அதாவது கம்பெனி ஊழியருக்குத் தவணை முறையில் தரும் பங்குகளில் தெரியும். 2018 ஜனவரியில் கம்பெனியில் சேர்ந்தவருக்கு 2020 ஜனவரியில் பங்குகள் எழுதிக் கொடுக்கிறார்கள். கடைசித் தவணை 400 பங்குகள், 2024 ஜனவரியில் கைக்கு வரும். தம்பதி பிரிந்தது 2023 ஜனவரி. "கைக்கு வந்தது பிரிஞ்ச பிறகுதானே மேடம், அப்ப அது என்னோடதுதானே?" என்பார் அவர். இல்லை. பங்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து கைக்கு வரும்வரை 48 மாதம். அதில் பிரிவதற்கு முந்தையது 36. ஆக 300 பங்கு கூட்டுச் சொத்து, துணைக்கு 150. இது 1986 நெல்சன் தீர்ப்பின் வாய்ப்பாடு. 1984 ஹக் தீர்ப்பின் வாய்ப்பாட்டை எடுத்தால் எண்ணிக்கை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தொடங்கும். 72 மாதத்தில் 60, அதாவது 333 பங்கு. அந்தப் பங்குகள் உங்களை வேலைக்கு இழுக்கக் கொடுத்தவையா, இனிமேல் தக்கவைத்துக்கொள்ளக் கொடுத்தவையா என்று பார்த்து நீதிமன்றம் ஏதாவது ஒன்றைப் பிடிக்கும். கம்பெனி கொடுத்த கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வீடு. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

வீட்டுக் கடன் வாங்கும்போதோ ரீஃபைனான்ஸ் செய்யும்போதோ, வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கு வருமானம் இல்லை, கிரெடிட் ஸ்கோர் இல்லை. "உங்க பேரு இருந்தா லோன் சிக்கலாகும், இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதன் பெயர் இன்டர்ஸ்பவுசல் டிரான்ஸ்ஃபர் டீட். வீட்டில் எனக்குள்ள உரிமை எல்லாவற்றையும் கணவருக்கே விட்டுத்தருகிறேன் என்பதுதான் அதன் சாரம். ஐம்பது தாளுக்கு நடுவே அதுவும் ஒரு தாள். என் கட்சிக்காரர் ஒருவர் இடுப்பில் குழந்தையோடு நின்று கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். அந்தத் தாள் இருக்கிறது என்பதற்காக வழக்கு தோற்றுவிடாது. கணவன் மனைவிக்குள் நம்பிக்கைக் கடமை இருப்பதாகச் சட்டம் கருதுகிறது. ஒருவருக்கு மட்டும் லாபம் தருகிற பத்திரம் என்றால், மற்றவர் முழுதும் புரிந்து, தன் விருப்பப்படிதான் கையெழுத்திட்டார் என்று லாபம் அடைந்தவரே நிரூபிக்க வேண்டும். என்றாலும் அது செலவு வைக்கிற சண்டை. தாளைப் படிக்க அன்றைக்கு ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

இன்னொரு தாள், கிஃப்ட் லெட்டர். முன்பணத்துக்கு ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணத்தைக் கணக்கில் காட்ட, "இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை" என்று அப்பாவிடம் எழுதி வாங்குகிறது பேங்க். எட்டு வருடம் கழித்து விவாகரத்து வரும்போது அதே மகன், "அது அப்பாகிட்ட வாங்கின கடன் மேடம், அதைக் கழிச்சிட்டுத்தான் பிரிக்கணும்" என்பார். அப்பாவின் கையெழுத்தோடு கடிதம் எதிர்த்தரப்பு கோப்பில் இருக்கும். கடன் வாதத்துக்கு அங்கேயே கதவு சாத்திவிடும். பிறகு மிஞ்சுகிற கேள்வி, அன்பளிப்பு மகனுக்கு மட்டுமா, இருவருக்குமா என்பதுதான்.

இருவர் பேரிலும் இருக்கும் வீட்டில் ஒருவருடைய தனிப் பணம் முன்பணமாகப் போயிருந்தால், அதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மனைவி கல்யாணத்துக்கு முன் சேமித்த 1,50,000 டாலர் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். இன்று வீட்டின் மதிப்பு 20 லட்சம், கடன் பாக்கி 7,50,000. மிச்சம் 12,50,000. அதில் 1,50,000 மனைவிக்குத் தனியாக. மீதி 11 லட்சத்தில் ஆளுக்கு 5,50,000. அந்த ஒன்றரை லட்சத்துக்கு வட்டி கிடையாது, வீட்டு விலை ஏறியதில் தனிப்பங்கும் கிடையாது. அதற்கும் அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து எப்போது போனது என்று பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டினால்தான் உண்டு. ஏழு வருடத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்டைப் பல வங்கிகள் தருவதில்லை. இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், விவாகரத்து நினைப்பே இல்லாவிட்டாலும்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவரில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதம், மாவட்டத்தில் மூன்று மாதம் குடியிருந்திருக்க வேண்டும். மனுக் கட்டணம் 435 டாலரிலிருந்து. மனு எதிர்த்தரப்பின் கையில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் ஆகாமல் விவாகரத்து கிடைக்காது. அந்த ஆறு மாதம் குறைந்தபட்சம், சண்டை இருந்தால் வருடக்கணக்கு. எச்-4இல் இருப்பவருக்குத் தீர்ப்பு வரும் நாளில் அந்த விசா அந்தஸ்தும் போய்விடும், ஆகவே குடியேற்ற வக்கீலை முன்கூட்டியே பாருங்கள். சம்மனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சில தடைகள் இருக்கும்: சொத்தை விற்காதே, மாற்றாதே, காப்பீட்டில் பேரை எடுக்காதே, எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மாநிலத்துக்கு வெளியே கூட்டிப் போகாதே. இது இருவருக்கும் பொருந்தும். கோடை விடுமுறைக்குச் சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று பிறகு சொல்லிப் பயனில்லை.

இருவரும் தங்கள் சொத்து, கடன், வரவு செலவு முழுவதையும் சத்தியப் பிரமாணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் புத்திசாலித்தனம் காட்ட நினைக்கிறவர்களுக்கு நான் ஒரு வழக்கைச் சொல்வது வழக்கம். 1996 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்ணுக்கு லாட்டரியில் 13 லட்சம் டாலர் பங்கு விழுந்தது. கணவரிடம் சொல்லாமல் விவாகரத்து வாங்கினார், படிவத்திலும் எழுதவில்லை. பின்னாளில் அது வெளியே வந்தது. நீதிமன்றம் அந்தப் பரிசு முழுவதையும் கணவருக்கே கொடுத்துவிட்டது. சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

நம் ஆட்கள் ஒளிக்க நினைப்பது பெரும்பாலும் ஊரில். வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கு, வைப்புநிதி, பெருங்களத்தூரில் ஒரு மனை. வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் வருடா வருடம் அமெரிக்க அரசுக்கு எஃப்பார் அறிக்கை தாக்கல் செய்கிறீர்களே, நான் முதலில் கேட்பதே அதைத்தான். இந்த மாநிலத்தில் குடியிருந்தபோது சம்பளத்தில் வாங்கியது எந்த நாட்டில் இருந்தாலும் கூட்டுச் சொத்துதான். ஆனால் சான் ஓசே நீதிபதியின் உத்தரவை எடுத்துக்கொண்டு போனால் தாம்பரம் சார்பதிவாளர் பத்திரத்தை மாற்றித் தரமாட்டார். அதனால் மனையை ஒருவருக்கே விட்டு, அதன் மதிப்பில் பாதியை இங்குள்ள 401கே ஓய்வுகாலச் சேமிப்பிலோ வீட்டிலோ மற்றவருக்கு ஈடுகட்டுவதுதான் நான் விரும்பும் வழி. மனை அப்பா பேரில் இருந்தால் அப்பாவை இங்கே இழுக்க முடியாமல் போகலாம், ஆனால் போன பணத்துக்கு மகனிடம் கணக்குக் கேட்கலாம். அம்மாவின் மருந்துக்கு மாதம் 300 டாலர் அனுப்பியதை, நான் பார்த்தவரை, யாரும் நோண்டுவதில்லை.

ஊரில் நடந்த இந்துத் திருமணம் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஒருவர் கலந்துகொள்ளாமலே இங்கே வாங்கிய விவாகரத்து இந்தியாவில் செல்லாமல் போகலாம். 1991இல் உச்ச நீதிமன்றம் நரசிம்மராவ் வழக்கில் சொன்ன விதி இன்றும் நிற்கிறது. மறுமணம் செய்ய ஊருக்குப் போகிற சமயத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

கடைசியாக நகை. பெண்ணுக்கு அவள் பெற்றோர் போட்டது அவளுடைய தனிச் சொத்து. ஊரில் ஸ்திரீதனம் என்பார்களே, அதே முடிவுதான் இங்கேயும். திருமண நாளுக்குக் கணவர் வாங்கித் தந்த சங்கிலியும், குடும்ப வசதிக்குப் பெரிய தொகை இல்லை என்றால், அவளுடையதே. ஆனால் போனஸ் வந்த போதெல்லாம் வாங்கி லாக்கரில் சேர்த்த 40 பவுன் முதலீடு, அது பாதி. எது எது என்று பிரிக்கப் போன வருடம் ஒரு வழக்கில் கல்யாண ஆல்பத்தைத்தான் விரித்துவைத்தோம். என் கட்சிக்காரரும் அவர் கணவரும், இரண்டு வக்கீல்களும் மேசையைச் சுற்றிக் குனிந்து, முகூர்த்தப் படத்தில் கையிலிருந்த வளையல்களை எண்ணினோம். நான் ஒன்பது என்றேன். "பன்னெண்டு," என்றார் கணவர். "மூணு புடவைக்குள்ள மறைஞ்சிருக்கு. அவங்க அப்பா போட்டது."