ஞாபகம் என்ற சொல்லும் மறதி என்ற சொல்லும்

‘ஞாபகம்’ தமிழ்ச் சொல்லா என்று கேட்டால் இல்லை, வடசொல். ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை, ஏனென்றால் வடமொழியிலேயே அந்தச் சொல்லுக்கு நினைவு என்ற பொருள் கிடையாது. ‘ஜ்ஞா’ என்றால் அறிதல், அதிலிருந்து வரும் ‘ஜ்ஞாபக’ என்றால் அறியவைப்பது, உணர்த்துவது. நினைவுக்கு அங்கே வழங்கும் சொல் ஸ்மிருதி. தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று நம் பக்கத்து மொழிகளில்தான் ஞாபகம் நினைவைக் குறிக்கிறது.

பழைய தமிழ் நூல்களிலும் அந்த மூலப் பொருள் அப்படியே இருக்கிறது. தொல்காப்பிய மரபியலில் சொல்லப்படும் உத்திகளில் ஒன்று ‘ஞாபகம் கூறல்’. அங்கே யாரும் எதையும் நினைவு வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லும் விதத்தாலேயே இன்னொன்றையும் உணரவைக்கும் உத்தி அது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், காரணத்தைச் சொல்லும் ஏது அணியைக் காரகம், ஞாபகம் என்று பிரிக்கிறது. ஒன்றை உண்டாக்கும் காரணம் காரகம், ஒன்று இருப்பதை அறிவிக்கும் காரணம் ஞாபகம். நெருப்பு புகையை உண்டாக்குகிறது, புகை நெருப்பு இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. அந்தக் கணக்கில் புகைதான் ஞாபகம்.

அதாவது ஞாபகம் என்பது முதலில் ஒரு துப்பு. மனித மூளை எப்படி நினைவுகூர்கிறது என்று பார்த்தால் இந்தப் பழைய பொருள் ஆச்சரியமாகப் பொருந்திப் போகிறது. 1966-ல் எண்டல் டல்விங், ஜெனா பியர்ல்ஸ்டோன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு வகை வகையாகப் பிரித்த சொற்பட்டியல்களைக் கொடுத்துப் பிறகு எழுதச் சொன்னார்கள். வெறும் தாளைக் கொடுத்தபோது விட்டுப்போன சொற்கள் பலவும், வகையின் பெயரை மட்டும் எடுத்துக் கொடுத்தவுடன் வந்துவிட்டன. சொல் உள்ளேதான் இருந்தது, எட்டவில்லை, அவ்வளவுதான். ஒருவரின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்பதும், முதலெழுத்தை யாராவது சொன்னதும் சட்டென்று விழுவதும் இதே கதைதான். நாம் மறதி என்று சொல்வதில் பெரும்பகுதி அழிந்துபோனது அல்ல, துப்புக் கிடைக்காதது.

இதை இன்னும் முன்னாலேயே, 1885-ல், ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் ஒருவிதமாகக் காட்டியிருக்கிறார். பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, கொஞ்ச காலம் விட்டு, திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார் மனுஷன். ஒரு மணி நேரத்திலேயே அந்த மிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டது, ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நின்றது. சுத்தமாக மறந்துவிட்டது என்று நினைத்த பாடம் இரண்டாம் முறை சீக்கிரம் ஏறுவதற்கு இதுதான் காரணம்.

சரி, தமிழில் என்ன சொல்? நினைவு. ‘நினை’ என்ற வினையிலிருந்து வந்தது. இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு: நினைவு என்றால் எண்ணமும் ஆகும், சுயநினைவும் ஆகும். மயங்கி விழுந்தவருக்கு ‘நினைவு திரும்பியது’ என்கிறோமே, அங்கே ஞாபகம் திரும்பியது என்று போட்டால் பொருளே வேறாகிவிடும். ‘நான் நினைத்தேன்’ என்றால் பெரும்பாலும் எண்ணினேன் என்பதுதான், ‘எனக்கு நினைவு வந்தது’ என்றால்தான் ஞாபகம். ஞாபகம் இத்தனை காலம் பேச்சில் நிலைத்திருப்பதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நினைப்பதற்கு இன்னொரு பழைய சொல் ‘உள்ளுதல்’, உள்ளம் இருக்கும் அதே வேர். குறள் 1125-ல் தலைவன், மறந்தால் அல்லவா உள்ளுவேன், எனக்கு மறக்கவே தெரியாதே என்கிறான்.

எல்லா நினைவும் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. ஹென்றி மொலேசன் என்பவருக்கு வலிப்புக்காக 1953-ல் மூளையில் அறுவை சிகிச்சை செய்து, புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் நடந்தவை அவரிடம் தங்கவில்லை, பேசிவிட்டுப் போன ஆள் திரும்பி வந்தால் புது ஆள். ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரத்தின் கோட்டை ஒட்டி வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது, முந்தைய நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாமல். இந்த வகைக்கு ‘செயல்முறை நினைவு’ என்று பாடநூல் போல மொழிபெயர்க்கிறார்கள், ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று சொல்லிப் பழகிய நமக்குக் கைப்பழக்கம் என்றாலே போதும்.

மறக்கும் பக்கத்துக்கு வந்தால் சொல்வளம் இன்னும் அதிகம். ‘மற’ வேரிலிருந்து மறதி, மறப்பு, மறவி. இவை போக ‘பொச்சாப்பு’ என்று ஒன்று, அதற்கு எதிராகக் குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது, பொச்சாவாமை. மகிழ்ச்சி மிதப்பில் வரும் சோர்வு என்று அங்கே விளக்கம் கிடைக்கிறது, அதாவது கவனம் இல்லாததால் வரும் மறதி. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறோமே, அது பெரும்பாலும் இந்த ரகம். வைக்கும்போதே மனம் அங்கே இல்லை, மூளையில் பதியவே இல்லை, பதியாததை எந்தத் துப்பாலும் எடுக்க முடியாது. துப்புக் கிடைக்காத மறதியையும் இதையும் இரண்டு சொல்லால் பிரித்துச் சொல்ல வாய்ப்பு இருந்தும் பொச்சாப்பை வழக்கில் விட்டுவிட்டோம்.

எழுதும்போது ஞாபகசக்திக்கு நினைவாற்றல், ஞாபகச் சின்னத்துக்கு நினைவுச் சின்னம், ஞாபகப்படுத்துவதற்கு நினைவூட்டுதல், கணினியில் இருப்பதற்கு நினைவகம், இவை எல்லாம் ஏற்கெனவே நன்றாகப் புழங்குகின்றன. நினைவுகூர்தல் என்பதில் வரும் ‘கூர்தல்’ மிகுதலைக் குறிக்கும், அன்புகூர்தல் போல, அதனால் ‘நினைவு கூறுதல்’ என்று வல்லின றகரம் போட்டு எழுதுவது பிழை. ‘ஞாபக மறதி’ என்று ஒன்று சொல்கிறோம் பாருங்கள், அதில் ஞாபகம் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மறதி என்றாலே போதும்.