ஒயிட்-அவுட்: வெண்மயக்கம்

நிலத்தை மூடிய பனியும் வானத்தை மூடிய மேகமும் ஒரே வெள்ளையாகி, நிழல், தொடுவானம், மேடுபள்ளம் எதுவும் கண்ணுக்குப் புலப்படாமல் போகும் நிலைக்கு ஒயிட்-அவுட் என்று பெயர். 'பிளாக்-அவுட்' என்பதைப் பார்த்து ஆங்கிலத்தில் உண்டாக்கிய சொல். துருவப் பகுதிகளில் பறப்பவர்களிடையே அதிகம் புழங்குகிறது.

இதைப் 'பனிமூட்டம்' என்று எழுதிவிடத் தோன்றும். கூடாது. மார்கழி மூட்டத்தில் லாரி ஓட்டுபவருக்குப் பாதை தெரியவில்லை என்பதாவது தெரியும், வேகத்தைக் குறைப்பார். ஒயிட்-அவுட்டில் காற்று தெளிவாகவே இருக்கும். பார்வை வெகுதூரம் போவதுபோலவே இருக்கும். எதிரே எழும் பனிச்சரிவு மட்டும் சமவெளியாகத் தோன்றும்.

1979 நவம்பர் 28 அன்று நடந்தது இதுதான். அன்டார்டிகாவைச் சுற்றிக்காட்ட ஆக்லாந்திலிருந்து கிளம்பிய ஏர் நியூசிலாந்து டிசி-10 விமானம், ராஸ் தீவின் எரபஸ் எரிமலையில் மோதி 257 பேரும் இறந்தனர். மலையின் உயரம் 3,794 மீட்டர். மோதியதோ 450 மீட்டருக்கும் கீழே, அடிச்சரிவில். விமானத்தில் பழுது இல்லை. புறப்படுமுன் கணினியில் வழித்தட ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) மாற்றியவர்கள் விமானிகளிடம் சொல்லவில்லை. மக்மர்டோ சவுண்ட் கடற்பரப்பின்மேல் பறப்பதாக விமானிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். தரை நெருங்குவதாக எச்சரிக்கைக் கருவி அலறியபோது மிச்சமிருந்தது சுமார் 6 விநாடி. பயணிகளின் கேமராக்களிலிருந்து மீட்ட படங்களில் பக்கவாட்டுக் காட்சிகள் பளிச்சென்று இருந்தன. முதல் அறிக்கை பழியை விமானிமேல் போட்டது. 1981இல் நீதிபதி பீட்டர் மஹோனின் ஆணையம் ஆய மாற்றத்தையும் ஒயிட்-அவுட்டையும் சேர்த்துப் பார்த்தது. அந்தப் படங்களை வைத்துப் பார்த்தால் எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

(எரபஸ் என்றால் கிரேக்கப் புராணத்தில் இருள். 1841இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தம் கப்பலின் பெயரை மலைக்கு வைத்தார்.)

சரி, தமிழில்? 'வெண்மறைப்பு' என்றால் ஏதோ குறுக்கே நின்று மறைக்கிறது என்றாகிவிடும். 'வெள்ளிருள்' காதுக்கு அழகு. ஆனால் இருட்டில் எவரும் தைரியமாகத் தாழப் பறப்பதில்லை. 'வெண்மயக்கம்' என்பதே என் தேர்வு. திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் என்று இலக்கணத்தில் பழகிய சொல்தான். ஒன்றோடொன்று கலத்தல், அறிவு தடுமாறுதல் என்னும் இரண்டு பொருளும் 'மயக்க'த்துக்கு உண்டு. இங்கே இரண்டும் வேண்டும். எரபஸில் நேர்ந்ததுபோல ஒரு திசையில் மட்டும் ஏற்படும் 'செக்டர் ஒயிட்-அவுட்'டை ஒருதிசை வெண்மயக்கம் எனலாம்.